சட்டைக் கையில் ஊசித் தடம்

போன வருஷம் தீபாவளி லீவுக்கு வந்த என் தம்பி, பையில இருந்து தன்னோட வெள்ளை நேவி யூனிஃபார்ம் சட்டையை எடுத்து என் கட்டிங் மேசையில போட்டான். "தோள்பட்டை ஓரம் பிரிஞ்சிருக்குக்கா, ஒரு தையல் போட்டு வை" அப்படின்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான். நான் தோள்பட்டையைப் பாக்கல. இடது கையைத்தான் பாத்தேன். அங்க ஒரு நங்கூரம் இருந்துச்சு. அதுக்குக் கீழ வி எழுத்து மாதிரி ரெண்டு பட்டை இருந்துச்சு. மூணு இருக்கணும். மூணாவது பட்டை இருந்த எடத்துல வெறும் ஊசித் துளைதான் இருந்துச்சு.

பிரிச்ச துணியில துளை தெரியும். எத்தனை சலவை ஆனாலும் லேசுல போகாது. மிஷின் தையலா கைத்தையலான்னுகூடச் சொல்லிப்புடலாம். மேல இருக்கிற ரெண்டு பட்டையும் மிஷின் தையல், கப்பல்காரங்க ஊர்லயே எவனோ டெய்லர் அடிச்சது. இந்தத் துளை கைத்தையல். நெருக்கமா, ஒரே அளவா, மூலையில ரெண்டு தடவை குத்தினது. அது நான் போட்ட தையல். அதே வருஷம் தை மாசம் இதே மேசையில உக்காந்து நான்தான் அந்தப் பட்டையை வச்சுத் தச்சேன். அதை எவனோ பிளேடால பிரிச்சிருக்கான். துணி ஒரு எடத்துல கீறிக்கூடக் கெடந்துச்சு. எனக்கு முதல்ல வந்தது கோபம்தான். பிரிக்கிறதைக்கூட ஒழுங்காப் பிரிக்கத் தெரியாத பயலுக.

அப்புறம்தான் மண்டைக்குள்ள நமநமன்னுச்சு. ஒரு பட்டை ஏன் போச்சு?

குடுமியான்மலை பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல தையல் கடை வச்சிருக்கேன். பிளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம். காலேஜ் பிள்ளைங்க வந்து துணியைக் குடுத்துட்டுக் கதையையும் சேத்துக் குடுத்துட்டுப் போகும். எதையும் நோண்டி நோண்டிக் கேக்கிற புத்தி எனக்குப் பொறப்புலயே உண்டு. என் வீட்டுக்காரர் குவைத்துல டிரைவர். அவரே சொல்லுவாரு, போலீஸ்ல சேந்திருக்க வேண்டியவ நீ, தப்பி மிஷின்ல உக்காந்துட்டன்னு. அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. அம்மா போனது எட்டு வருஷத்துக்கு முன்னாடி. வீட்ல இப்ப நானும் ஒரு காளை மாடும்தான். தம்பி வந்தா மூணு பேர்.

அம்மா போன விதத்தைச் சொல்லணும். ரெண்டு நாள் காய்ச்சல்னுதான் ஆரம்பிச்சுச்சு. கஷாயம் வச்சுக் குடுத்தேன். மூணாம் நாள் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி, அதுக்கடுத்த நாள் இல்ல. தம்பி அப்ப கடல்ல. கப்பல் கரையை விட்டுக் கெளம்பிட்டா போனும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அவங்க ஆபீசுக்குத் தகவல் சொல்லி, அது கப்பலுக்குப் போயி, கப்பல் எங்கயோ ஒரு துறைமுகத்துக்கு வந்து, அவன் ரயில் ஏறி வீட்டு வாசல்ல வந்து நிக்கிறப்ப பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருந்துச்சு. பங்காளி ஒருத்தர்தான் கொள்ளி வச்சாரு. தம்பி அழுகல. வீட்டுக்குள்ள போயி அம்மா படுத்திருந்த கட்டிலைத் தொட்டுப் பாத்துட்டு, "என்னைக்குக்கா காய்ச்சல் வந்துச்சு, என்னைக்கு?"ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான். கிழமையைச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பாத்தான். அன்னைக்குக் கப்பல்ல சினிமா போட்டாங்கக்கா, நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்னான்.

சரி, சட்டைக்கு வாரேன்.

அவன் டீக்கடையில இருக்கிற நேரத்துல எங்க ஊரு ஏட்டய்யா வந்தாரு. ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. பேன்ட் இடுப்பைத் தளர்த்தித் தர்றதுக்காக மாசம் ஒரு தடவை வருவாரு. இடுப்பு அவரு பேச்சைக் கேக்கிறதில்ல. மேசையில கெடந்த சட்டையைப் பாத்ததும் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டாரு.

ஏட்டய்யாவுக்கு என் தம்பி மேல ஒரு பாசம். அதுக்குக் காரணம் அந்தப் பட்டைதான். தை மாசம் நான் மூணாவது பட்டையைத் தைக்கிறதைப் பாத்துட்டு, "மூணு பட்டை. நம்ம ரேங்க்குக்கு வந்துட்டான் பய" அப்படின்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தாரு. போலீஸ்ல மூணு பட்டைன்னா ஏட்டு. அதனால எங்க ஊரைப் பொறுத்த வரைக்கும் என் தம்பி கப்பல் ஏட்டு. டீக்கடையில இருந்து ரேஷன் கடை வரைக்கும் அதான் பேரு. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.

"தாயி, இது அவன் சட்டைதானா? ரெண்டுதானே இருக்கு."

"ஆமாங்க ஏட்டய்யா. அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவரு துளையைத் தடவிப் பாத்தாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "பட்டையைப் பிடுங்கிட்டாங்கன்னா டிமோஷன் தாயி. எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தனுக்கு ஆச்சு. கைதியைத் தப்ப விட்டுட்டான். கப்பல்ல கைதி உண்டா?"

கப்பல்ல கைதி உண்டான்னு எனக்கு எப்படித் தெரியும். பதிமூணு வருஷமா அவன் அங்க என்ன வேலை பாக்கிறான்னே எனக்கு ஒழுங்காத் தெரியாதுன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. வலது கையில காத்தாடி மாதிரி ஒரு படம் இருக்கும். ஃபேன் ரிப்பேர் பண்றான் போலன்னு ரொம்ப நாள் நெனச்சிருக்கேன். அது கப்பலைத் தள்ளுற காத்தாடியாம், எஞ்சின் ரூம்காரன்னு அடையாளமாம். அதையே அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இவ்வளவு நோண்டுற நான் வீட்டுக்குள்ள இருக்கிறதை நோண்டல பாருங்க.

தம்பி திரும்பி வந்தான். ஏட்டய்யா அவனைப் பாத்துத் எழவு வீட்டுக்கு வந்தவரு மாதிரி தலையை ஆட்டிட்டு எந்திரிச்சுப் போனாரு. அவனுக்கு ஒண்ணும் புரியல.

நேராக் கேட்டா சொல்ல மாட்டான். அவன் சுபாவம் எனக்குத் தெரியும். மடக்கித்தான் கேக்கணும். சாக்பீஸை எடுத்து அவன் கையில குடுத்தேன். மேசையில பிரவுன் பேப்பர் விரிச்சிருந்துச்சு.

"தம்பி, ஒங்க கப்பல்ல யாரு பெரியவன், யாரு சின்னவன்னு ஒரு படம் போட்டுக் காட்டு."

"திடீர்னு என்னக்கா?"

"சும்மாதான்டா. நாலு பேரு கேக்கிறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

அவனுக்கு ஒரே குஷி. ஏணி மாதிரி கோடு போட ஆரம்பிச்சான். அடியில சீமேன் ரெண்டாம் கிளாஸ். அதுக்கு மேல சீமேன் ஒண்ணாம் கிளாஸ். இவங்களுக்குக் கையில ஒண்ணும் கிடையாது, வெறும் சட்டை. அதுக்கு மேல லீடிங், ஒத்தை நங்கூரம். "இதான் நான்"ன்னு அந்தப் படியில ஒரு புள்ளி வச்சான். அதுக்கு மேல பெட்டி ஆபீசர், ரெண்டு நங்கூரம் குறுக்கும் நெடுக்குமா. அதுக்கும் மேல சிங்க முத்திரை வச்ச சீஃப், அப்புறம் மாஸ்டர் சீஃப் ரெண்டாம் கிளாஸ், ஒண்ணாம் கிளாஸ். அங்க நிறுத்தி, கட்டையா ஒரு கோடு போட்டான்.

"இந்தக் கோடு எதுக்கு?"

"இதுக்கு மேலதான் நெசமான ஆபீசருக."

"அப்ப பெட்டி ஆபீசருன்னு சொன்னியே, அது?"

"அது ஆபீசர் இல்லக்கா."

"பேருலயே இருக்கே."

"பேருல இருக்கு. சலாம் கிடையாது."

எனக்கு இதுக்கு மேல தாங்கல. கேக்க வந்ததை மறந்துட்டு ஒவ்வொண்ணாக் கேட்டேன். யாரு யாரை சார்னு கூப்பிடுவாங்க? சாப்பாடு எல்லாருக்கும் ஒண்ணா? எல்லாரும் ஒரே எடத்துலயா படுக்கிறது? அவனும் சளைக்காம சொன்னான். ரெண்டு நங்கூரம் வந்துட்டா சாப்பிடுற எடமே தனியாம். ஒத்தை நங்கூரம் வரைக்கும் ஒரு கூட்டம், அதுக்கு மேல ஒரு கூட்டம். சீஃப் ஆயிட்டா தொப்பி, சட்டை எல்லாம் ஆபீசர் மாதிரி ஆயிடுமாம். தூரத்துல இருந்து பாத்தா யாருன்னே தெரியாதாம். தலை நரைச்ச மாஸ்டர் சீஃப், மீசை முளைக்காத ஆபீசருக்கு சலாம் வைக்கணுமாம்.

"இது என்னடா கூத்து."

"சலாம் என்னவோ அந்த ஆபீசர் பையனுக்குத்தான்க்கா. ஆனா அந்தப் பையன் எதையாவது செய்யணும்னா முதல்ல மாஸ்டர் சீஃப் மூஞ்சியத்தான் பாப்பான்."

அது எனக்குப் புரிஞ்சுச்சு. எங்க ஊருக்குப் புது விஏஓ வந்தா தலையாரியைக் கேக்காம ஒரு கையெழுத்து போட மாட்டாரு. அந்த மாதிரிதான்.

ஒண்ணு மட்டும் இடிச்சுச்சு. ஏணி பூராப் போட்டான். நங்கூரம் போட்டான், சிங்கம் போட்டான். வி பட்டையை எங்கயும் போடல.

"ஏன்டா, பட்டை எந்தப் படியில வருது?"

"அது ரேங்க் இல்லக்கா." சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

"அப்புறம் என்ன அது?"

"ஒண்ணும் இல்ல. நாலு வருஷம் ஒழுங்கா நடந்துக்கிட்டா ஒண்ணு குடுப்பாங்க. எட்டுக்கு ரெண்டு, பன்னெண்டுக்கு மூணு. அம்புட்டுத்தான். நல்ல பிள்ளைன்னு அர்த்தம்."

"சரி. நல்ல பிள்ளையே, ஒன்னோட மூணாவது எங்க?"

சாக்பீஸைக் கீழ வச்சான். சலவையில போச்சுன்னான். நான் சட்டையை எடுத்துத் துளையைக் காட்டினேன், பிளேடு கீறினதைக் காட்டினேன். சலவைக்காரன் பிளேடு வச்சா துவைக்கிறான்னு கேட்டேன். அதுக்கப்புறம்தான், "நானேதான் பிரிச்சேன். பிரிக்கச் சொன்னாங்க" அப்படின்னான்.

"எதுக்கு?"

"லீவு முடிஞ்சு லேட்டாப் போனதுக்கு."

எனக்கு உடனே வெளங்கிருச்சு. காளை.

எங்க மயிலைக் காளையை நான் கன்னுக்குட்டியில இருந்து வளக்கிறேன். பருத்திக்கொட்டை அரைச்சு ஊத்தி, குளிப்பாட்டி, என் கையால வளந்தது. மாட்டைப் பிடிச்சுக்கிட்டு ஜல்லிக்கட்டு வாடிக்குப் போறது தம்பி. அதுக்காகவே தை மாசம் பாத்து லீவு போடுவான். அந்த வருஷம் வாடியில இருந்து வெளிய வந்த மாடு, பிடிக்க வந்தவங்களை ஒரு சுத்துச் சுத்திட்டு, கூட்டத்தைத் தாண்டி, முள்ளுக்காட்டுக்குள்ள பூந்து போயே போச்சு. இது வழக்கம்தான். ஓடின மாடு ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துரும், இல்லன்னா பக்கத்து ஊர்ல கட்டி வச்சுத் தகவல் சொல்லுவாங்க. எங்க மாடு வரல. தகவலும் வரல. பாழுங்கிணத்துல விழுந்து செத்த மாடெல்லாம் உண்டு எங்க பக்கம். நான் சோறு திங்கல. கடையைத் தொறக்கல. தம்பி பைக்கை எடுத்துக்கிட்டு இங்கிட்டும் அங்கிட்டும் அலைஞ்சான். அவனுக்கு ரயில் டிக்கெட் போட்டிருந்த தேதி வந்துச்சு, போச்சு.

"ஏன்டா, லீவு?"ன்னு அப்பக் கேட்டேன். "போன் பண்ணிட்டேன். நீட்டிட்டாங்க" அப்படின்னான். ஸ்கூல் வாத்தியாருக்கு நீட்டுற மாதிரி இவனுக்கும் நீட்டுவாங்கன்னு நானும் நெனச்சேன். கடைசியில குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு தோப்புல மாடு இருந்துச்சு. தோப்புக்காரரு தண்ணி காட்டி, தீவனம் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வச்சிருந்தாரு. எங்களைப் பாத்ததும் அது வேற யாரையோ பாத்த மாதிரி தலையைத் திருப்பிக்கிச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு. அன்னைக்கே தம்பி ரயில் ஏறிட்டான்.

"மாட்டுக்காகவா?"ன்னு கேட்டேன்.

"விடுக்கா. ஒரு பட்டைதானே. ஒழுங்கா இருந்தா திரும்பக் குடுத்துருவாங்க."

விடுற ஆளா நான். அவன் கெளம்புறதுக்குள்ள மிச்சத்தையும் பிடுங்கிட்டேன். பட்டை போனது பெரிசில்லையாம். அதுக்குப் பின்னாடி இருக்கிறதுதான் பெரிசு. லீடிங் வரைக்கும் வருஷம் ஓட ஓட வந்துரும். ரெண்டு நங்கூரத்துக்குப் பரீட்சை எழுதணும், கோர்ஸ் முடிக்கணும், மேல இருக்கிறவங்க நல்லபடியாச் சொல்லணும், அவன் பிரிவுல எடம் காலியா இருக்கணும். சமையல்காரனுக்குச் சீக்கிரம் வரும், எஞ்சின்காரனுக்கு இழுக்கும், அது அவனவன் தலையெழுத்து. இவன் பரீட்சை, கோர்ஸ் எல்லாம் முடிச்சு வரிசையில நின்னவன். அடுத்த பிரமோஷன் லிஸ்ட்ல பேரு வர வேண்டிய நேரத்துல இந்தக் கறுப்புப் புள்ளி. பதினைஞ்சு வருஷம் முடியிறப்ப, இன்னும் இருக்கியா, போறியான்னு கேப்பாங்க. ரெண்டு நங்கூரம் இருந்தா இருக்கலாம். ஒத்தை நங்கூரத்தோட நின்னா அநேகமா வீட்டுக்குத்தான். அவனுக்கு அதுக்கு ஒண்ணரை வருஷம் பாக்கி. அதுக்குள்ள ரெண்டு லிஸ்ட் வந்தா அதிகம்.

"வந்தா என்னடா? பென்ஷன் உண்டுல்ல?"

"உண்டு. முப்பத்தி மூணு வயசுல பென்ஷனை வச்சுக்கிட்டு ஏடிஎம் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரணும்." சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். "எனக்கு அந்த எஞ்சின் சத்தம் இல்லாமத் தூக்கம் வராதுக்கா. சீஃப் ஆகணும். அந்தத் தொப்பியோட ஒரு தடவை நம்ம பஸ் ஸ்டாப்புல எறங்கணும்."

கல்யாணப் பேச்சை எடுத்தாலும் ரெண்டு நங்கூரம் வரட்டும்பான். நான் எதோ சாக்குன்னு நெனச்சிருந்தேன். அவனுக்கு எல்லாமே அதுலதான் நின்னுக்கிட்டிருந்துச்சு.

அவன் போனதுக்கப்புறம் ஏட்டய்யா வந்தாரு. நான் அந்தப் பிரவுன் பேப்பரைக் காட்டி, பட்டை ரேங்க் இல்ல, நல்ல பிள்ளைன்னு குடுக்கிறதுன்னு வெளக்கமாச் சொன்னேன். அவரு அந்த ஏணியோட கீழ்ப்படியில விரலை வச்சாரு. "அப்ப மூணு பட்டையை வச்சுக்கிட்டு ஒருத்தன் அடிப்படியிலயே கெடக்கலாமா?"

"கெடக்கலாமாம். வருஷக்கணக்கா நல்லவனாவே கெடக்கலாமாம்."

"அநியாயம் தாயி" அப்படின்னாரு. அவருக்கு மனசே ஆறல.

தை பொறந்துச்சு. நீ வராதன்னு தம்பிக்கு போன்ல சொல்லிட்டேன். மாட்டை வாடிக்கு அனுப்பல. மாட்டு யாவாரி ஒருத்தரு வந்து கேட்டாரு. குடுத்துறலாமான்னு மனசு ஆடுச்சு. மாட்டைப் பாத்தா ஆத்திரமா வரும், தீவனம் வைக்காமயும் இருக்க முடியாது. தம்பிகிட்ட சொன்னேன். "மாட்டை வித்தீன்னா நான் ஊர்ப்பக்கமே வரமாட்டேன்"னு போனை வச்சிட்டான்.

மாசியில முதல் லிஸ்ட் வந்துச்சு. அவன் பேரு இல்ல. அவனுக்குப் பின்னாடி சேந்த பையனுக்கு வந்துருச்சாம். ஒரே மேசையில தட்டைப் போட்டுச் சாப்பிட்டவன், தட்டை எடுத்துக்கிட்டு அங்கிட்டு மெஸ்ஸுக்குப் போயிட்டானாம். "நல்ல பையன்க்கா. போறப்ப என் மூஞ்சியப் பாக்க முடியாமப் போனான்" அப்படின்னான். எனக்கு அந்தப் பையன் மேலயும் கோபம், பட்டையைப் பிடுங்கின கமாண்டர் மேலயும் கோபம், மாட்டு மேலயும் கோபம். அன்னைக்கு ஒரு பிளவுஸுக்குக் கையை மாத்தி வச்சுத் தச்சிட்டேன்.

அதுக்கப்புறம் அவன் கப்பல் கெளம்பிருச்சு. போன் இல்ல. சித்திரை போச்சு, வைகாசி போச்சு. இந்த மாதிரி நாள்ல எனக்கு லேசாத் தலை வலிச்சாக்கூட யாருகிட்டயும் சொல்றதில்ல. சொல்லி என்ன ஆகப்போகுது. காலேஜ் பிள்ளைங்ககிட்ட கப்பல் ரேங்க்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். அதுல ஒரு பிள்ளை, "அக்கா, நீங்களே பரீட்சை எழுதலாம் போல" அப்படின்னு கிண்டல் பண்ணுச்சு. எழுதுனா நான் பாஸாயிருவேன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

ஆடி மாசம் ஒரு மத்தியானம் போன் வந்துச்சு. பின்னாடி ஒரே காத்துச் சத்தம்.

"அக்கா, நல்லா இருக்கியா?"

"இருக்கேன்டா. சொல்லு."

"நெசமா நல்லா இருக்கியா? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"இல்லடா. லிஸ்ட் என்னாச்சுன்னு சொல்லுடா முதல்ல."

"ஊசி நூலை எடுத்து வை" அப்படின்னான்.

நான் போனைக் கையில வச்சுக்கிட்டே வெளிய வந்து நின்னேன். பஸ் ஸ்டாப்புல இருந்த சனமெல்லாம் என்னைப் பாத்துச்சு. அழுதுட்டேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு.

ஆவணியில வந்தான். ரெண்டு பொருளைப் பிளாஸ்டிக் கவருல போட்டுக் கொண்டாந்தான். ஒண்ணு, திரும்பக் கிடைச்ச வி பட்டை. இன்னொண்ணு, குறுக்கும் நெடுக்குமா ரெண்டு நங்கூரம். புதுச் சட்டை இருக்கு, ஆனா இந்தச் சட்டையிலதான் தைக்கணும்னான். கடை ஷட்டரைப் பாதி எறக்கி விட்டுட்டு உக்காந்தேன். முதல்ல பட்டை. பழைய துளை லேசாத் தெரிஞ்சுச்சு. அதே துளையில ஊசியைக் குத்தித் தைக்க ஆரம்பிச்சேன். அவன் எதுத்தாப்புல ஸ்டூல்ல உக்காந்து நூல்கண்டை உருட்டிக்கிட்டு இருந்தான்.

இவ்வளவு நோண்டுன நான் ஒண்ணை மட்டும் கேக்காம விட்டிருந்தேன்.

"ஏன்டா, லேட்டாப் போனதும் என்ன செஞ்சாங்க?"

"விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. உள்ள போனதும் தொப்பியைக் கழட்டச் சொல்லுவாங்க. தொப்பி இல்லாம நின்னா குத்தம் செஞ்சவன்னு அர்த்தம். கமாண்டர் ஏன் லேட்டுன்னு கேட்டாரு."

"ஒரு பொய் சொல்லத் தெரியலையாடா ஒனக்கு? அம்மாவைச் சொல்ல முடியாது. அக்காவுக்கு உடம்பு முடியல, ஆஸ்பத்திரியில சேத்திருந்தேன்னு என்னையச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவன் நூல்கண்டை நிறுத்தினான். "எங்க சீஃப் முந்தின நாளே அதைத்தான் சொல்லிக் குடுத்தாரு. ஆஸ்பத்திரின்னு சொன்னா பாத்துச் செய்வாங்க, ஊர்ல எவனாவது டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கன்னாரு. சரின்னுட்டுத்தான் உள்ள போனேன். கமாண்டரும் நல்லவரு. அவரே எடுத்துக் குடுத்தாருக்கா. வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. ஆமான்னு தலையை ஆட்டினாப் போதும்."

"ஆட்ட வேண்டியதுதானே?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார்னு சொல்லிட்டேன். மாடு காணாமப் போச்சு, தேடினேன்னு சொன்னேன்."

"அதுக்கு அவரு?"

"மாடு கிடைச்சுச்சான்னு கேட்டாரு. கிடைச்சிருச்சு சார்ன்னேன். சரின்னு பட்டையை எடுக்கச் சொல்லிட்டாரு."

எனக்குத் திட்டணும் போல இருந்துச்சு. ஒரு வார்த்தை. ஒரே ஒரு பொய். அதுக்காக ஒரு லிஸ்ட் போச்சு, இன்னொண்ணும் போயிருந்தா இவன் ஏடிஎம் வாசல்ல உக்காந்திருப்பான்.

"கூறுகெட்டவனே. வாயால சொன்னா ஆஸ்பத்திரி வந்துருமாடா? அப்படியே பலிச்சாலும் என்ன ஆயிரும் எனக்கு? ரெண்டு நாள் காய்ச்சல் வரும். கஷாயம் குடிச்சா ஓடிப் போயிரும்."

அவன் என்னைப் பாக்கல. சட்டையில இருக்கிற பட்டையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

"அந்த ரெண்டு நாளும் நான் கடல்ல இருப்பேன்லக்கா."

நூல் தீந்து போச்சு. புது நூலை அறுத்து நாக்குல நனைச்சு ஊசியில கோத்துப் பாத்தேன். எனக்குக் கோக்க முடியல. அவன் ஊசியை வாங்கி, கோத்து, முடிச்சுப் போட்டுக் குடுத்தான்.